இரண்டே இருக்கை உள்ள கார்

இன்று பாச்சாங்கில் ஒரு கார்க்கடையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிட்டேன்.

என் கைக்கு எட்டியவை இரண்டுதான். சிவப்புக் காருக்குப் பின்னிருக்கை உண்டு. வெள்ளைக் காருக்கு வயது கூடுதல், இருக்கையும் இரண்டே இரண்டு.

"சிவப்பையே எடுங்க. எங்க அண்ணன் குடும்பம் வந்தா எங்க உட்காருவாங்க?" என்றாள் மனைவி.

உட்காரக் கூடாது என்பதுதானே என் எண்ணம்! செலண்டாரில் நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற காலத்தில், திருவிழாதோறும் அவள் அண்ணன் காரை மெதுவாக்கி, "இடமில்ல மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போவார். பின்னிருக்கையில் தேங்காய்க் கூடை சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

"இப்ப கொரோனா அவசரகாலம் லா அக்கா. போலீஸ் எப்படியும் ஒரு கார்ல ரெண்டு பேருக்கு மேல விடமாட்டான்," என்றார் கார் விற்பவர். அவர் நூறாண்டு வாழட்டும்.

வெள்ளைக் காரையே எடுத்தேன். கூரையைத் திறந்து வீடுவரை ஓட்டி வந்தேன். குடும்பக் குழுவில் படமும் போட்டேன்.

உடனே மைத்துனர் அழைத்தார். "அழகா இருக்கு மாப்ள. என் கார் ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. நாளைக்கு முட்டிவலிக்கு கிளினிக் போகணும்..."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள். "அதுக்கென்னண்ணே, இவரோட போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருந்துக்கறேன், இடம் இருக்கு."

அந்த இருக்கை தரையோடு தரையாக இருக்கிறது. முட்டிவலிக்காரர் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதுதான் பாடு. நான் உடனே கை கொடுக்கவா, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கவா? நீங்களே சொல்லுங்கள்.