கொயினாவுக்கு அடங்காத காய்ச்சல்

பினாங்கில் எங்கள் தெருவில் துவான், அதாவது துரை, என்று எல்லாரும் அழைத்த டாக்டரை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட முதல் பெண் என் அம்மாதான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். உயரட்டுமே, என் அம்மாவைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது!

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் கீழே அத்தாவின் கைலிக் கடை, மேலே நாங்கள். தம்பி பிறந்து நாற்பது நாள் கழிந்த கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தம்பியை வலப்பக்கம் அணைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

எங்கள் வீடுகளுக்கு டாக்டர் வந்தால் அதற்கென்று ஒரு முறை உண்டு. கட்டிலுக்கு முன்னால் திரை தொங்கும். நோயாளிப் பெண் திரைக்குப் பின்னால் படுத்திருப்பாள், மணிக்கட்டு மட்டும் வெளியே வரும். டாக்டர் கேட்பார், புருஷன் பதில் சொல்வார். நோவு ஒருத்திக்கு, அதைச் சொல்லும் வாய் இன்னொருத்தருக்கு.

அத்தாவுக்குக் கடையில் வாய் ஓயாது. வேண்டாமென்று போகிறவனையும் திரும்பக் கூப்பிட்டு இரண்டு கைலியைத் தலையில் கட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் வெள்ளைக்கார டாக்டர் முன்னால் காய்ச்சல் என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மனைவிக்கு மார்பில் வலி என்று இன்னொரு ஆம்பளையிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. டாக்டரும் நாடி பிடித்துப் பார்த்து, கொசுக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, அதற்கான கசப்பு மருந்தான கொயினாவைக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், அவருக்கு நாங்கள் காட்டியதெல்லாம் ஒரு மணிக்கட்டு!

கொயினா குடித்து அம்மாவுக்குக் காது இரைந்ததுதான் மிச்சம். காய்ச்சல் இறங்கவில்லை.

"எங்கே வலிக்குதுன்னு அவருகிட்ட சொல்லுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள்.

"சும்மா இரு. அதையெல்லாம் போய் வெளியாளுகிட்ட சொல்வாங்களா? மருந்து கேட்கும் லா" என்றார் அத்தா.

டாக்டர் மறுபடி வந்தார். வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அத்தாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அத்தா தம் அரைகுறை மலாயில், இப்போது கொஞ்சம் தேவலை என்றார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அம்மா பினாங்கிலேயே பிறந்தவள். மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"தானியா சாயா லா, துவான்! யாங் சாக்கிட் சாயா!"

என்னைக் கேளுங்கள், நோவு எனக்குத்தானே என்கிறாள். அத்தா பாய்ந்து திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் பண்றே? தெருவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். என் தங்கச்சியையும் இப்படித்தான் காய்ச்சல் காய்ச்சல்னு சொல்லியே சாகக் கொடுத்தோம். அவ மய்யித்தைக் குளிப்பாட்டினது நான். அவ மாரு எந்தக் கோலத்துல இருந்துச்சுன்னு நான் பார்த்தேன். நீங்க யாரும் பார்க்கல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மா காய்ச்சலில் மௌத்தானாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தா மட்டும் திரையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். எதிர்வரிசையில் சின்னம்மா வாழ்ந்த வீட்டை ஜன்னல் வழியாகக் காட்டி, அத்தாவிடம் சொன்னதையே டாக்டரிடம் மலாயில் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பால் கட்டிச் சீழ் வச்சிருக்கு, துவான். இப்ப என்ன செய்யப் போறீங்க?"

கீறி எடுக்க வேண்டும் என்றார்.

"எவ்வளவு ஆழம்? பிள்ளைக்குப் பால் இருக்குமா? பக்கத்துல ஒரு பொம்பளை நிக்கணும். கத்தியை என் கண் முன்னாடி கொதிக்க வைக்கணும்."

ஒவ்வொன்றுக்கும் துவான் பதில் சொன்னார். புரியாத இடத்தில் அம்மா திரும்பச் சொல்லச் சொன்னாள், அவரும் சொன்னார். அன்று சாயங்காலமே ஒரு நர்சம்மாவோடு வந்து கீறி எடுத்தார். நோன்புப் பெருநாளுக்கு அம்மா தானே எழுந்து ஆட்டுக்கறி சமைத்தாள். தம்பி இடப்பக்கம் குடித்தே கொழுகொழுவென்று ஆகிவிட்டான்.

எங்கம்மா டாக்டரையே அதட்டிட்டாங்க என்று நான் தெருத்தெருவாகத் தம்பட்டம் அடித்தேன். அவளுக்கு வாய் நீளம் என்று பழித்த பெண்கள் பிறகு பின்பக்கப் படி ஏறி ஒவ்வொருத்தியாக வந்தார்கள், டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொள்ள. டாக்டரும் அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் நர்சம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போனார். புருஷனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, திரைக்குள் இருப்பவளிடம் முதலில் கேட்பாராம். எல்லாம் எங்கம்மாவுக்குப் பயந்துதான் என்று நான் பெருமையடித்துக்கொண்டேன்.

சின்னம்மாவின் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதே கொயினாவைக் கொடுத்தவரும் இவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் கத்திக்கே தன் உடம்பைக் கொடுத்தாள்.