ஜப்பான் காக்காய்க்கு வைத்த படையல்

சாமி வேறு, ஆவி வேறு. சாமியை நான் நம்புகிறேன், சிங்கவரம் ரங்கநாதருக்குச் சனிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவன், அது உங்களுக்கே தெரியும். ஆனால் பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். செத்துப்போனவர்கள் காக்காயாக வந்து சோறு எடுப்பார்கள் என்பதைக்கூட, பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்வோம் என்றுதான் செய்தேனே தவிர மனசார நம்பியதில்லை. அதனால் நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. தாராளமாகப் பாருங்கள். இது இருட்டில் நடந்ததும் இல்லை, தனியாக இருந்தபோது நடந்ததும் இல்லை. உச்சி வெயிலில், என்னோடு இன்னும் இரண்டு பேர் நிற்க நடந்தது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண சத்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சாவி என் இடுப்பில் இருக்கும், குடியிருப்பதும் சத்திரத்தின் பின்கட்டில்தான். சீனாக்காரனோடு சண்டை முடிந்து இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும், ஆடி மாசம், முகூர்த்தம் எதுவும் இல்லாமல் சத்திரம் சும்மா கிடந்த நேரம். மெட்ராஸிலிருந்து ஒரு சார் வேன் நிறைய பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஜப்பான் தேசத்துப் பழைய சித்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஜனங்களுக்குக் காட்டுகிறார்களாம், கோட்டை பார்க்க நாலு பேர் வருகிற ஊர் என்பதால் செஞ்சியிலும் ஒரு வாரம் வைக்கிறார்களாம்.

பட்டுத்துணியில் ஒட்டி மேலிருந்து கீழே தொங்கவிடுகிற படங்கள், தூரிகையால் ஒரே இழுப்பில் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள், கறுப்பாக மினுங்குகிற பெட்டிகள், அதன் மேல் தங்கப்பொடியில் புல்லும் நிலாவும், விசிறிகள், முட்டை ஓடு மாதிரி மெல்லிசான கிண்ணங்கள். சிலது அசல், சிலது அசலைப் பார்த்து எழுதியது என்று சார் சொன்னார், எது எது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஊர் ஜனங்கள் முதலில் இதெல்லாம் சீனாக்காரன் சாமான் என்று சண்டைக்கு வந்தார்கள். பிறகு கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். ஒரு படத்தில் ஒரு அம்மா நரம்பு வாத்தியத்தோடு உட்கார்ந்திருப்பாள். தொண்டூரிலிருந்து வந்த ஒரு கிழவி அதைப் பார்த்ததும் சரஸ்வதி என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். சார் பதறிப்போய் அணைத்துவிட்டு, அப்புறம் என்னிடம் மெதுவாக, அந்தக் கிழவி சொன்னது சரிதான், நம்ம ஊரிலிருந்து அங்கே போன சாமிதான் அது என்றார்.

வடக்குச் சுவரில் ஒரு காக்காய்ப் படம். இலையில்லாத ஒரு கிளை, அதில் ஒரு காக்காய், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. ஆனால் உயிரோடு இருப்பது மாதிரி ஒரு கறுப்பு. கூட்டிப் பெருக்கும்போது அதன் முன்னால் நான் தினமும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

அந்த வாரத்தில்தான் எங்களைப் பெற்ற நைனாவின் முதல் வருஷத் திதி வந்தது.

இங்கே நான் என் தங்கை சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த மறு வருஷமே காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வெறும் நெற்றியோடு வீட்டுக்கு வந்தவள். ஒரு மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அனந்தபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிற, பெண்சாதியை இழந்த ஒரு நல்ல மனுஷனுக்கு அவளை நானே முன்நின்று மறுபடியும் கட்டிக்கொடுத்தேன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். அன்றைக்குச் செய்தது சரி, இன்றைக்கும் சரி, பெருமாள் சன்னதியில் நின்று சொல்வேன்.

நைனா மட்டும் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை நாங்கள் வைக்கிற சோற்றை ஒரு காக்காய் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்து எங்கள் இலையைப் பார்த்துவிட்டுப் பறந்துபோகும். காக்காய் எடுக்காமல் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஒரு அமாவாசைக்கு அப்படியே மயங்கி விழுந்தாள். சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். இது அண்ணனுடைய கோபம், அறுத்தவளுக்குத் தாலி கட்டி வைத்த கோபம். வருஷத் திதிக்கும் காக்காய் எடுக்கவில்லை என்றால் சரோஜா இனிமேல் இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது. அம்மா அதற்குத் தலையாட்டிவிட்டாள். பெற்றவளே தலையாட்டினால் நான் என்ன செய்வது.

திதி அன்றைக்கு சரோஜா விடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். அவளும் என் வீட்டுக்காரியும் சேர்ந்துதான் சமைத்தார்கள். சோறு, பருப்பு, வடை, பாயசம். படைத்துவிட்டு நான் ஈரவேட்டியோடு மாடியில் இலையை வைத்துக் கா கா என்று கத்துகிறேன், தொண்டை கிழிகிறது. வானத்தில் ஒன்று இல்லை. கோட்டை மலை மேல் வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

சித்தப்பா சரோஜாவை மேலும் கீழும் பார்த்தார். "பூவும் பொட்டுமா எதிர்ல நின்னுகினு இருக்கா. எங்க அண்ணன் எப்படிடா வருவாரு?"

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "சரோஜா, நீ கொஞ்ச நேரம் சத்திரத்துல போயி குந்தும்மா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அப்போது சார் சாப்பிடப் போயிருந்தார், சத்திரத்தில் யாரும் இல்லை, பின்கட்டுக் கதவு மட்டும்தான் திறந்திருந்தது.

அவள் போன பிறகும் காக்காய் வரவில்லை. வரவில்லை என்றதும் சித்தப்பா வாயை மூட வேண்டுமா இல்லையா, பார்த்தியா, அவள் காற்று பட்ட சோறு, அதனால்தான் என்று அதையும் அவள் தலையிலேயே போட்டார். இப்பவே அம்மா முன்னால் வாயைத் திறந்து சொல்லு, அடுத்த வருஷம் அவளைக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லு என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"காக்காதானே வேணும் சித்தப்பா? வா, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு இலையோடு தூக்கிக்கொண்டு சத்திரத்துக்குள் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

சரோஜா கிழக்குப் பக்கத் தூணடியில் ஒரு பாய்த்துண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் நேராக வடக்குச் சுவருக்குப் போய், அந்தப் படத்துக்குக் கீழே தரையில் இலையை வைத்தேன்.

"நைனா, ஊர்க் காக்கா ஒண்ணும் வரலை. இதோ ஒண்ணு இருக்குது. உன் பொண்ணும் இங்கதான் இருக்கா. நீ சாப்பிடு, இல்ல சாப்பிடாம போ. அவள நான் தொரத்த மாட்டேன்."

இதைக் கும்பிட்டுச் சொல்லவில்லை. சண்டை போடுகிற மாதிரிதான் சொன்னேன். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மெட்ராஸிலிருந்து மூட்டை முடிச்சோடு ஓடிவந்தவர் அவர்.

"குண்டு போட்டவன் ஊரு காக்காடா அது. அதுக்குப் போயி பருப்புச் சோறா?"

நான் சரோஜாவைக் கையைப் பிடித்து எழுப்பி, பின்கட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசல் கதவை சார் போகும்போதே பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். ஜன்னல்களுக்கு, கோட்டையிலிருந்து வருகிற குரங்குகளுக்காக, கம்பி வலை அடித்திருக்கும், அணில்கூட நுழைய முடியாது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிற்பாடு நீங்கள் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள்.

வீட்டில் மறுபடியும் அதே பேச்சு. சொல்லு என்கிறார் அவர், மாட்டேன் என்கிறேன் நான். அம்மா சுருண்டு படுத்திருந்தாள், உதடு வெடித்திருந்தது. சரோஜா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்தாள். படைத்த சோறு தரையில் கிடக்கக் கூடாது, யாராவது மிதித்தால் பாவம், எடுத்து மாட்டுக்காவது போடணும் என்றாள். நான் எடுத்து வருகிறேன் என்றாலும் கேட்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். சித்தப்பாவும் வந்தார்.

பூட்டைத் திறந்தவன் நான்தான். நம்பினால் நம்புங்கள், உள்ளே போனதும் பச்சைக் கற்பூர வாசனை. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் வருமே, அது.

இலையில் வடை இல்லை. சோற்று உருண்டை ஒரு பக்கமாகக் கொத்தி எடுத்திருந்தது. எலி அரித்தால் எப்படி இருக்கும், காக்காய் கொத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இலையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கால் தடம். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. ஈரமாக இருந்தது. சித்தப்பா குனிந்து தொட்டார், அவர் விரலில் மை ஒட்டிக்கொண்டது.

அங்கிருந்து தரையில் தடம் தடமாகப் போயிருந்தது. ஜன்னல் பக்கம் இல்லை, கதவுப் பக்கம் இல்லை. நேராகக் கிழக்குத் தூணுக்கு, சரோஜா உட்கார்ந்திருந்த பாய்த்துண்டுக்கு. அவள் தலையிலிருந்து உதிர்ந்த பூ அங்கே ஒன்றிரண்டு கிடந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்திருந்தது. அதோடு சரி. அதற்கப்புறம் தடமே இல்லை.

நான் மரம் மாதிரி நின்றேன். அம்மாதான் உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான் நானும் கவனித்தேன். இடது கால் தடம்தான் ஒழுங்காக இருந்தது. வலது கால் பக்கம் விரல் பதியவில்லை, ஒரு கோடுதான் இழுத்திருந்தது. வழி நெடுக அப்படித்தான்.

நைனாவுக்குக் கடைசி வருஷங்களில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அப்படி இழுத்துக்கொண்டேதான் நிலத்துக்குப் போய்வருவார். நிலத்துக்குப் போகிறவர் மகள் கல்யாணத்துக்கு வரவில்லையே என்றுதான் ஊர் பேசியது, உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மா அந்தக் கோட்டின் மேலே கையை வைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கும் இப்படித்தாண்டா. வேட்டி மாத்திகினு, கால இழுத்துகினு, தெருவாசல் வரைக்கும் வந்துட்டாரு. நாலு பேரு இன்னா சொல்வாங்களோன்னு நான்தான் புடிச்சு உள்ள உக்கார வச்சேன். உங்கிட்ட சொல்லலை."

சித்தப்பா துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா பின்கட்டுப் பக்கம் திரும்பி சரோஜாவைக் கூப்பிட்டாள்.

"வாம்மா. எனக்குச் சோறு போடு. உன் கையால போடு."

அன்றைக்கு அம்மா சாப்பிட்ட சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். சித்தப்பாவும் சாப்பிட்டார், சரோஜாதான் பரிமாறினாள், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சார் வருவதற்குள் நான் தரையைத் துடைத்துவிட்டேன், தண்ணீர் பட்டதும் மை போய்விட்டது. சாயங்காலம் அவரிடம் சும்மா கேட்கிற மாதிரி, இந்தப் படமெல்லாம் எந்த மையில் எழுதுவார்கள் என்று கேட்டேன். விளக்குக் கரியைக் குழைத்துச் செய்வார்கள், வாசனைக்குக் கற்பூரம் சேர்ப்பதும் உண்டு என்றார். படத்தைச் சுருட்டிக் கட்டுகிற வரைக்கும் தினமும் உற்றுப் பார்த்தேன். ஒரு இறகு மாறவில்லை. கிளையில் இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்கிறது. அன்றைக்குச் சுவரிலிருந்து இலைக்கு வந்த தடமும் ஒன்றுகூட இல்லை, போன தடம் மட்டும்தான். அப்படியென்றால் வந்தது எங்கிருந்து? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சித்தப்பா இன்றைக்கும் பெருச்சாளி என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். வாசல்படிப் பேச்சை மட்டும் அவர் அதற்கப்புறம் எடுக்கவில்லை. திதிக்குத் திதி என் தங்கை பூவும் பொட்டுமாக வருகிறாள், அவள் கையால்தான் காக்காய்க்குச் சோறு. கூப்பிடுவதற்கு முன்னாலேயே கூட்டமாக வந்து எடுத்துவிட்டுப் போகின்றன.

ஆனால் ஒன்று. காக்காய் எடுத்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறபோது சரோஜா தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றைத் தனியாக எடுத்துத் தன் இடது பக்கம் தரையில் வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்குள்ளே, கதவு சாத்தியிருக்கும்போது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சாப்பிட்டு எழுந்து இலை எடுக்கும்போது பார்ப்பேன். சில வருஷம் அந்தப் பிடி அப்படியே இருக்கிறது.

சில வருஷம் இருப்பதில்லை.