மூலை மரத்தின் பூ

நில உச்சவரம்புச் சட்டத்தில் திருவாரூர்ப் பக்கம் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் சில மாமரங்கள் நின்றன. முன்பு அந்தத் தோப்பைக் காத்துவந்தவர் நிலத்தகராறில் மூலை மரத்தடியில் வெட்டுப்பட்டுச் செத்தவர்.

ஒரு வருஷம் மா அளவுக்கு மீறிப் பூத்தது. எல்லாம் பிடித்தால் கிளை தாங்காது. பாதிப் பூவைக் கருக்கி உதிர்க்க, புங்க எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து நானும் என் கணவரும் உச்சி வெயிலில் தெளித்தோம்.

மறுநாள் காலை மரத்தடிகளில் கறுத்த பூ மெத்தையாகக் கிடந்தது. மூலை மரத்திலும் பூ உதிர்ந்திருந்தது. ஆனால் அதன் அடியில் ஒன்றுகூட இல்லை. மண்ணில் புதிதாகப் பெருக்கிய விளக்குமாற்றுக் கோடுகள் மட்டும் இருந்தன. காலடித் தடமே இல்லை.

செத்தவரின் மனைவி பக்கத்துத் தெருவில் இருந்தார். "நீங்க வந்து பெருக்குனீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவரு போனதுலேருந்து அந்தப் பக்கமே நான் வரலையே, தங்கச்சி" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "கோடெல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சிருந்துச்சா? அவரு இடது கையாலதான் பெருக்குவாரு."

"ஆமாக்கா" என்றேன்.

அதன்பிறகு அந்த மரத்துக்கு மட்டும் நாங்கள் எண்ணெய் தெளிக்கவே இல்லை.