அத்தைக்கு மட்டும் முகம்

என் பெண் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வாராவாரம் மலையாளத்தில் ஒரு படக்கதை வரைந்து இணையத்தில் போடுகிறாள், அதை ஊரே படிக்கிறது என்கிற விஷயம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. சொன்னவள் என் நாத்தனார்.

"ஐயோ மன்னி, நீங்க பாக்கலையா? அடிபொளியா இருக்கு கேட்டேளா. மலையாளமெல்லாம் நான்தான் திருத்திக் குடுக்கறேன்."

திருத்தி வேறு கொடுக்கிறாளாம். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

நாத்தனார் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கி வேலை, சிவப்பு ஸ்கூட்டர், கழுத்தோடு வெட்டிய முடி. மலையாள மண்ணில், இந்தக் கரமனையிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையாளம் பேசிச் சமாளிப்பேன். படிப்பதென்றால் பஸ் போர்டும் கரண்ட் பில்லும்தான்.

மறுநாள் எல்லோரும் போன பிறகு போனும் மூக்குக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

வேற்றுக்கிரகத்து ஜீவன் ஒன்று கரமனை ஆற்றில் வந்து விழுகிறது. படித்துறையில் நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. அவள் கண்ணால் பார்க்கிறது, அவள் வாயால் தின்கிறது. குக்கர் விசில் அடித்தால் எதிரிப் படை வந்துவிட்டதென்று கட்டிலுக்கடியில் ஒளிகிறது. பஸ்ஸில் எல்லோரும் கண்டக்டரிடம் காசு நீட்டுவதைப் பார்த்து, இவர்தான் இந்த ஊர் ராஜா போலிருக்கிறது என்று கும்பிடுகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நம் பெண்ணா இது என்று பெருமையாகக்கூட இருந்தது, கதைக்குள் எங்கள் சமையலறை வரும்வரை.

எல்லாம் இருந்தது. விரிசல் விட்ட ஓடு, மூடி உடைந்த மிக்ஸி, ஜன்னலில் காயும் கரித்துணி. நானும் இருந்தேன், முதுகாக. கொண்டை, இடுப்பில் செருகிய தலைப்பு, கையில் கரண்டி. அடுத்த வாரமும் முதுகு. அதற்கடுத்ததிலும் முதுகு. எத்தனை படம் தள்ளிப் பார்த்தாலும் அந்த அம்மா திரும்பவே இல்லை. அத்தைக்கோ மோவாய் மச்சம் முதற்கொண்டு வரைந்திருந்தாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிகிற அத்தையின் முகத்தைக்கூட விடவில்லை. படத்துக்குக் கீழே, கதையைப் படிக்கிறவர்கள் எழுதியிருந்தார்கள், அத்தை இன்னும் நிறைய வரட்டும் என்று. அம்மாவைப் பற்றி ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை.

பெற்றது நான். பேன் பார்த்தது நான், ஜுரத்துக்கு ராத்திரி கண்முழித்தது நான். முகம் அவளுக்கு.

அந்த ஜீவன் அகப்பட்டுக்கொள்கிற கட்டம்தான் என்னைக் கொன்றுவிட்டது. எங்கள் வீட்டில் பத்து பார்ப்போம். சாதப் பாத்திரத்தைத் தொட்ட கையை அலம்பிவிட்டுத்தான் தயிரைத் தொடவேண்டும். என் பெண்ணுக்கு அது ஒருநாளும் படிந்ததில்லை. சாதம் போட்ட கையோடு தயிர்ச் சட்டியைத் தூக்குவாள், நான் கத்துவேன். அந்த ஜீவன் இந்தக் கத்தலையெல்லாம் கவனமாகக் கேட்கிறது. அகப்பட்டுவிடக்கூடாது என்று சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிறது. கை அலம்புகிறது, காப்பியைத் தூக்கிக் குடிக்கிறது, ஈரத் துண்டைக் கொடியில் போடுகிறது. முதுகைக் காட்டி நிற்கிற அம்மா, "அப்பாடா, பொண்ணுக்குப் புத்தி வந்துடுத்து" என்று பாயசம் வைக்கிறாள். கறிவேப்பிலை கேட்டு வந்த அத்தை, பெண் கை அலம்புவதைப் பார்க்கிறாள். அவள் முகம் மாறுகிறது.

"நீ யாரு?" என்கிறாள்.

ஜீவன் அழுதுவிடுகிறது. அத்தை அதை ஸ்கூட்டரில் விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போகிறாள். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து, தன் கிரகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று அது கையசைக்கிறது.

பாயசம் நிஜம். போன மழைக்காலத்தில் இவள் திடீரென்று கை அலம்ப ஆரம்பித்தாள். நான் திருநெல்வேலிக்கே போன் போட்டுப் பீற்றிக்கொண்டு, சேமியா பாயசமும் வைத்தேன். அந்த நாட்களில்தான் உயிர்த்தோழி இவளோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இவள் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இதெல்லாம் நாத்தனாரைத் துருவித் துருவிக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அப்போதே தெரியுமாம். எனக்கு வேதனை பாதி, வயிற்றெரிச்சல் பாதி. உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் கூடுதல்.

அன்றிலிருந்து நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பும் சாம்பாரில் முருங்கைக்காயைப் பொறுக்கி எடுத்துவிட்டேன். சமையலறையில் முதுகு தெரியாதபடி பக்கவாட்டில் நின்று கிளறிப் பார்த்தேன். தாளிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் சாதப் பாத்திரத்தை மூடும் சத்தம். அடுத்தது குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பிறகுதான் தயிர்ச் சட்டி நகர்ந்தது.

கரண்டியோடு திரும்பினேன்.

"ஏண்டி கை அலம்பினே?"

"நீதானே அலம்பச் சொல்லுவே?"

"நான் வருஷக்கணக்காச் சொல்றேன். இன்னிக்கு ஏன் கேட்டே?"

தயிர்ச் சட்டியைப் பிடித்தபடியே நின்றாள். அடுப்பை அணைத்தேன். இரண்டு பேரும் கிரைண்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். அது என்னிடம் சொன்னது.

சொல்லி முடித்தபோது அவள் தலையைத் தடவிக் கொடுத்திருக்கலாம், நான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"அத்தைகிட்டச் சொல்லிட்டியா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு அழுகையோடு சிரித்தாள். "அய்யே, அம்மா! இல்லே. சாயங்காலம் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ளே நீ கேட்டுட்டே."

அந்த வாரப் படம் வந்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். சமையலறை. கொண்டை. அடுத்த கட்டத்தில் அம்மா திரும்பியிருந்தாள். நல்ல முகமாக வரையவில்லை, பாவி. கண் பிதுங்கி, மூக்கு புடைத்து, கரண்டியில் எண்ணெய் சொட்ட, பொறாமையே உருவாக நின்றாள். வாயிலிருந்து, மலையாள எழுத்தில் எங்கள் வீட்டுத் தமிழ்: "அத்தைகிட்டச் சொல்லிட்டியா?"

கீழே ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தேன் என்று எனக்குத் தோன்றிற்று.

நாத்தனார் போன் செய்தாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. "மன்னி, அந்த மூக்கு! அப்படியே நீங்கதான்!"

"நீ திருத்திக் குடுத்ததுதானே?" என்றேன்.

"இல்லை மன்னி. இந்தத் தடவை எங்கிட்டக் காட்டவே இல்லை அவ." சிரிப்பு நின்றிருந்தது. "எங்கிட்ட என்ன சொல்லலை? என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லை, சும்மா கதை," என்றேன்.

அன்று சாயங்காலம் அவளுக்கு அனுப்பிய சாம்பாரில் முருங்கைக்காயை நிறையவே போட்டேன்.