தகட்டில் ஒரு விரிசல்

லேத் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அவளை எல்லோரும் ‘மரை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் திருகானாலும் மரையை விரலால் தடவியே அளவு சொல்லிவிடுவாள். பாய்ப்படகுகளின் கொக்கி, ஆணி, கப்பி எது தேய்ந்தாலும் அவளிடம்தான் வரும். ஆனால் அவள் படகில் ஏறியதே இல்லை. நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நிற்பாள்.

அவள் தம்பி ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினான். பாய்மரம் சாயாமல் முன்னாலும் இரு பக்கமும் கம்பிவடங்கள் இழுத்துப் பிடித்திருந்தன. ஒவ்வொரு வடத்தின் அடிநுனியும் படகில் பதித்த இரும்புத் தகட்டில் ஆணியால் மாட்டப்பட்டிருந்தது. தேய்ந்த ஆணிகளுக்குப் பதில் புதிதாகக் கடைந்து போட்டாள். தகடுகளைக் கழற்றிச் சோதிக்க வேண்டுமானால் பலகையைப் பிரிக்க வேண்டும். துருவை மட்டும் துடைத்துவிட்டு, இது போதும் என்று விட்டுவிட்டாள்.

“வாக்கா, ஒரே ஒரு சுத்து. நீ செஞ்ச வேலைய நீயே நம்பலைன்னா எப்படி?”

“எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“நானும் சேந்து முழுகிட்டா யாரைப் பிடிப்பே?” என்று சிரித்தான்.

மிதவைச் சட்டையின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள்.

கரை சிறுத்துக்கொண்டே போனது. காற்று பலமாக வலப்பக்கமிருந்து அடித்தது. பக்கத்தில் ‘டிக்’கென்று ஒரு சத்தம். திரும்பினாள். வலப்பக்கத் தகட்டின் துளையிலிருந்து விளிம்புவரை கறுப்பாய் ஒரு கோடு. காற்று இழுக்கும்போதெல்லாம் அது வாயைத் திறந்து மூடியது.

“தம்பி… தகடு கிழியுது.”

அவன் பதறி எழுந்தான். படகு ஆடியது.

“உக்காருடா! காத்து அந்தப் பக்கம் விழற மாதிரி திருப்பு. இந்த வடத்துல பாரம் நிக்கக் கூடாது!”

சுக்கானைத் தள்ளினான். பாயின் கட்டை தலைக்கு மேல் வீசிப் போனது. வலப்பக்க வடம் கடைசியாக ஒரு வெட்டு வெட்டித் தளர்ந்தபோது தகடு இரண்டாகி, ஒரு துண்டு தண்ணீரில் விழுந்தது. ஒரு நொடி தாமதித்திருந்தால் பாய்மரமே சாய்ந்திருக்கும். வடத்தின் நுனியைக் குறுக்குப் பலகையோடு கயிற்றால் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினாள். அவன் பாயை இறக்கித் துடுப்புப் போட்டான்.

கரைக்கு வந்து இறங்கினார்கள். “பொழச்சோம்க்கா,” என்றான் தம்பி. அவளுக்கு அது காதில் விழவில்லை. அந்த மாதம் இன்னும் இரண்டு படகுகளின் தகடுகளை அவள் இப்படித்தான் துடைத்து அனுப்பியிருந்தாள். அதில் ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மகளும் அப்போதுதான் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தடித்து ஓடினாள். “சார், எறக்காதீங்க!”

“ஏம்மா, நீதானே சரி பண்ணிக் குடுத்தே?”

“நான் சரியா பண்ணல சார்.”

அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் படகை மேலே இழுத்தார்.

அன்றைக்கே இரண்டு படகின் பலகைகளையும் பிரித்தாள். மற்றப் படகின் தகட்டில் குறையே இல்லை. வாத்தியாருடைய தகட்டை இடுக்கியில் பிடித்து லேசாக வளைத்தாள். பிஸ்கட் மாதிரி முறிந்தது. மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மரை அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.