பிடிக்கவில்லை என்று சொன்ன நீதிபதி

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு நாள், மதுரையில் உயர் நீதிமன்றத்தின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் அபிராமம் பக்கம். ராமநாதபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது, தங்கச்சிமடத்துக்காரர் ஒருவரை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். நாங்கள் விவசாயக் குடும்பம். அவர்கள் கடலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். மகளைக் கடத்திவிட்டார்கள் என்று அய்யா ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டார். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.

விசாரிக்கப்போகும் மூத்த நீதிபதி யார் என்று தெரிந்ததுமே எங்கள் வக்கீல் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"ரொம்பப் பழைய காலத்து மனுசரும்மா. பெத்தவங்க பார்த்து வைக்கிறதுதான் கல்யாணம்னு மேடையிலேயே பேசுவாரு. யோசிச்சு முடிவெடுன்னு காப்பகத்துக்கு அனுப்பிட்டார்னா என்ன செய்யிறது?"

காப்பகத்துக்குப் போனால் சித்தப்பாமார் எப்படியாவது என்னை ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கப்புறம் என் உயிருக்கே உத்தரவாதமில்லை.

உள்ளே போனோம். நீதிபதிக்கு நெற்றி நிறையத் திருநீறு, சிரிப்பறியாத முகம். அய்யா கைகூப்பி அழுதார். "ஒத்தப் பொண்ணு சாமி. மனசைக் கலைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "யாராவது மிரட்டினாங்களாம்மா?"

"இல்லைங்க. நானாத்தான் போனேன். எங்க வீட்டுக்காரரோடதான் இருப்பேன்."

"நீ செஞ்சது எனக்குப் பிடிக்கலை" என்றார் நேராகவே. "என் வீட்டுல இப்படி நடந்திருந்தா நானும் ஒடிஞ்சுதான் போயிருப்பேன்."

காப்பகம்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அய்யாவின் வக்கீல் எழுந்து, கொஞ்ச நாள் காப்பகத்தில் வைக்கலாம் என்றார். நீதிபதிக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது.

"குத்தம் செய்யாத பொண்ணை எதுக்கு அடைச்சு வைக்கணும்? வயசு வந்த பொண்ணு. எனக்குப் பிடிக்கலைங்கிறது என் சொந்த விஷயம். அதை வச்சு இந்தப் பொண்ணைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

வாசலருகே முறைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாமாரையும் அவர் கவனித்திருக்க வேண்டும். நாங்கள் தங்கச்சிமடம் போய்ச் சேரும்வரை போலீஸ் துணை போக வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு நல்லா இருக்கால்ல, அதை நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்று அய்யாவிடம் சொன்னார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறி, கடல்காற்று முகத்தில் அடித்தபோதுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. பக்கத்தில் இருந்த பெண் போலீஸ், "அழுவாத தாயி, அதான் வந்துட்டோம்ல" என்று தோளைத் தட்டினார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அன்றுதான் பயமில்லாமல் தூங்கினேன்.

அய்யா இன்னும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. போனில் பேத்தியிடம் மட்டும் பேசுகிறார்.

அந்த நீதிபதி ஓய்வு பெற்றபோது, காலத்துக்கு ஒவ்வாத கருத்துக்காரர் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவருடைய மேடைப் பேச்சு எதையும் என்னாலும் ஏற்க முடியாதுதான். ஆனால் என்னைப் பிடிக்கும் என்றவர்கள் எத்தனையோ பேர் கைவிட்ட நேரத்தில், பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன அந்த மனிதர்தான் என்னைப் பத்திரமாக என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.