பத்து சென்டில் கட்டிய வண்டிவீடு

கல்யாணமாகிப் பல வருடங்கள் என் கணவரை நான் லீவு லீவாகத்தான் பார்த்தேன். பெட்டியோடு வருவார், பெட்டி காலியானதும் போவார். வளைகுடாவில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான், அவர் குறட்டை விடுகிற ஆள் என்பதே எனக்கு உறுதியாயிற்று. அதுவரை அதைப் பயணக் களைப்பு என்று நினைத்திருந்தேன்.

வந்த புதிதில், கேரள எல்லையில் எங்கள் பாறசாலையைச் சுற்றி ஜன்னல் கம்பியும் கேட்டும் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். வளைகுடாவில் அவர் பார்த்தது வேறு வேலை. வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஆனால் பாலைவனத்துக்குப் போவார்களாம். ஜீப்பின் பின்னால் சக்கரம் வைத்த ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் இரண்டு பைக். மணல்மேட்டில் பைக்கை இறக்கி ஓட்டி, விழுந்து, எழுந்து, கடைசியில் அந்தப் பெட்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு உறங்கிவிட்டு வருவார்களாம். அந்தப் பெட்டிகளைக் கட்டியவர்களில் இவரும் ஒருவர். எத்தனையோ கட்டியிருக்கிறார், ஒன்றில்கூடப் படுத்ததில்லை.

இந்தக் கதை எப்படியோ கள்ளிக்காட்டுப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் காதுக்குப் போயிற்று. அவருக்குச் சேற்றில் பைக் ஓட்டுகிற பைத்தியம். பந்தயம் எங்கே நடந்தாலும் போவார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜீப்பில் கட்டி இழுக்க, காட்டுப் பாதையிலும் பாறையிலும் ஏற, இரண்டு பைக் ஏற்ற, இரண்டு பேர் படுக்க ஒரு வண்டி வேண்டும் என்றார். என் கணவர் முகத்தில் அன்றைக்குக் கண்ட வெளிச்சத்தை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் கண்டதில்லை.

அதே வாரம் வளைகுடாவிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் வேறொரு கம்பெனியில் விசா சரியாக்கி அனுப்பியிருந்தார். என் கணவர் அதை அலமாரியில் வைத்துவிட்டு, "வண்டி முடியட்டும். இந்த வேலை ஊருல பிடிச்சா இங்கயே நிக்கலாம். இல்லேன்னா போவேண்டியதுதான்" என்றார். அவர் இங்கேயே நிற்கவேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வளைகுடாக்காரரைக் கட்டியவர்கள் போகாதே என்று சொல்லிப் பழகியதில்லை. 'போய்ட்டு வாங்க' என்பது மட்டும் சரளமாக வரும்.

வண்டி எங்கள் முற்றத்தில் வளர்ந்தது. அவர் வெல்டிங் மிஷினைப் போட்டால் அக்கம்பக்கத்து டிவிகளில் படம் சுருங்கும். சீரியல் நேரத்தில் போட்டால் கய்யாலைக்கு, அதாவது எல்லை மண்சுவருக்கு, அப்பாலிருந்து வசவு வரும். பழைய ஜீப் ஆக்சில், லாரி டயர் கடையில் பொறுக்கிய டயர், இரும்புச் சேஸ், மேலே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். பின்கதவைத் தாழ்த்தினால் அதுவே பைக் ஏறும் சரிவு. பைக் இறங்கிப் போன பிறகு இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் படுக்கைகள் இறங்கும். பெட்ரோல் நாற்றத்தில் உறங்குகிறவர்கள் மூச்சு முட்டிச் சாகக் கூடாதே என்று மேலும் கீழும் காற்றுத் துளைகள் வைத்தார். அடுப்பு ஒரு இழுப்பறையில் இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அடுக்களையில் ஒரு இழுப்பறைகூடக் கிடையாது.

மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, வண்டியின் தத்துவமே பிடிபடவில்லை. தினமும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"வீடு இருக்கப்பட்டவன் எதுக்காக்கும் வண்டியில கிடந்து உறங்குதான்?"

"ஒரு ரசத்துக்கு, அப்பா. ஒரு குஷிக்கு."

"நாளைக்கு ஒரு இடத்துல, மறுநாளு இன்னொரு இடத்துல. இதுல என்ன ரசம்?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அவருடைய இளவயதில் அடுத்தவர் சொன்னால் இடம் மாறுகிற வீட்டுக்குக் குடிசை என்று பெயர், அது எல்லோரிடமும் இருந்தது. மாமா நிலச்சொந்தக்காரர்களான வலியவீட்டுக்காரர்களின் விளையில், அவர்கள் தோப்பு நிலத்தில், குடிசை போட்டுக் கிடந்தவர். அவர்கள் இங்கே வாழை வைக்கவேண்டும் என்றால் குடிசை அங்கே போகும். நிலச் சட்டம் வந்து, அடுத்தவர் நிலத்தில் குடிகிடந்தவர்களுக்குப் பத்து சென்ட் என்று ஆனபோதுதான் அவர் வீடு ஒரே இடத்தில் நின்றது. அந்தப் பத்து சென்ட் இன்றைக்கும் வலியவீட்டு விளைக்கு நடுவில்தான் இருக்கிறது. ரோட்டுக்குப் போக, இரண்டு கய்யாலைகளுக்கு நடுவே ஒரு நடைவழி. ஆள் ஒருவர் தலைச்சுமையோடு போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் திரும்பிப் போகவேண்டும்.

என்ன நடந்தது என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. இரும்புக் குழாய் அந்த வழியே தோளில் வந்தது. தகடு தலையில் வந்தது. ஆக்சிலைக் கம்பில் கட்டி இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கி வந்தார்கள். டயர் உருண்டு வந்தது. ரப்பர் தோட்டக்காரர் பைக்கில் வந்தபோது ஹேண்டில் இரண்டு கய்யாலையையும் உரசி மண் கொட்டியது, அதையும் நான்தான் பெருக்கினேன். என் கணவர் பைக்கின் உயரத்தை அளந்தார், மெத்தையின் கனத்தை அளந்தார், தோட்டக்காரரின் நீளத்தைப் படுக்கவைத்தே அளந்தார். வழியை அளக்கவில்லை. ரோட்டு முகப்பில் வீடு உள்ளவன் முதலில் அதைத்தான் அளப்பான். எங்கள் வீட்டுக்கு அதுவரை சைக்கிளைவிட அகலமாக எதுவும் வந்ததில்லை. வருகிறதெல்லாம் வந்துகொண்டிருந்ததால், போகவேண்டிய வண்டி ஒன்று உண்டு என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் கொண்டுவருகிறேன் என்று தோட்டக்காரர் சொல்லி அனுப்பினார். ஜீப்பை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்கப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. தேடிப் போனேன். நடைவழியின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கை முழுதாக விரியவில்லை. முழங்கை மடங்கி, உள்ளங்கைகள் இரண்டும் கய்யாலையில் பதிந்திருந்தன.

"சாயா குடிச்சியா?" என்று என்னைக் கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வலியவீட்டில் கேட்டு ஒரு பக்கத்துக் கய்யாலையை இடித்தால் காரியம் முடிந்தது. கேட்கக் கூடாது என்றார் மாமா. பத்து சென்ட் கிடைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு தீப்பெட்டிகூட அவர் கேட்டதில்லை. சண்டை எதுவும் கிடையாது. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"ஒரு தடவை கேட்டா, இந்த எடமும் அவிய தந்ததுன்னு ஆயிப்போவும். வண்டிய ரெண்டா முறிச்சுக் கொண்டு போ."

"முறிச்சா சேசுக்குப் பலம் போவும் அப்பா. பாறையில ஏறும்போ அதுவே ரெண்டா நிக்கும்." என் கணவர் சத்தமே போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. அப்போ நான் அந்த விசாவுலயே போறேன்."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. அப்பனும் மகனும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கிறார்கள், நடுவில் அந்தப் பெட்டி வெயிலில் பளபளவென்று சிரிக்கிறது.

"மாமா, நான் கேக்கப் போறேன்" என்றேன். "எடம் யாரு தந்ததுன்னு எனக்குத் தெரியாண்டாம். எனக்கு எனக்க ஆளு இங்க வேணும்."

வலியவீட்டில் அப்போது அந்த வீட்டு வயதான அம்மை மட்டும்தான் இருந்தார். அவருடைய மகன்களும் வளைகுடாவில்தான். அந்த விஷயத்தில் சட்டம் இல்லாமலே இரண்டு வீடும் சமமாகியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஆச்சரியப்பட்டார்.

"வழியோ? அன்னைக்கு நிலம் அளக்க வந்தப்பளே வண்டி போற அகலத்துக்கு விடுதேன்னு எனக்க வீட்டுக்காரரு பறஞ்சாரே. உனக்க மாமன்தான் வேண்டாம்னாரு. எனக்கு வண்டி இல்ல, நடக்கக் காலு உண்டு, அது போதும்னாரு."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். மாமா மறுக்கவில்லை.

"ஆமா, பறஞ்சேன். வண்டி இல்லாத்தவன் வண்டிக்கு வழி வாங்கினா அது தர்மம் ஆக்கும். எனக்குத் தர்மம் வேண்டாம்."

"இப்ப வண்டி உண்டு, அப்பா" என்றார் என் கணவர்.

மாமா வண்டியைப் பார்த்தார். அதை மறுக்க முடியாது, முற்றத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். துணைக்கு நானும் பின்னால் போனேன், பாதியில் திரும்பிவிடுவாரோ என்ற பயத்தில்.

அம்மைக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பழைய நாளில் பெயர் சொல்லி நீ என்று கூப்பிட்டவர். இப்போது எதுவும் சொல்லாமல் நாற்காலியைக் காட்டினார். மாமா உட்காரவும் இல்லை, கேட்கவும் இல்லை. நேராகக் கணக்குக்கு வந்தார். வழிக்கு எவ்வளவு நிலம் வேண்டுமோ அதே அளவு எங்கள் பின்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். அதில் நிற்கிற தென்னையும் சேர்த்து. எங்களுடைய தென்னைகளில் ஒழுங்காகக் காய்க்கிறது அது ஒன்றுதான்.

"எனக்கு எதுக்குத் தென்னை? இருக்கதையே பறிக்க ஆளில்ல" என்றார் அம்மை.

"பறிக்கதும் பறிக்காததும் உங்க இஷ்டம். தாறது எனக்க இஷ்டம் ஆக்கும்."

அம்மை என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். வாங்கிக்கொண்டார்.

கய்யாலையை மாமாவே வெட்டினார். எங்களை மண்வெட்டியைத் தொட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தார் எல்லோரும் கைகொடுத்து வண்டியைத் தள்ளினார்கள், சீரியலுக்காக வசவு சொன்னவர்கள் உட்பட. கொக்கியில் மாட்டியதும் தோட்டக்காரர் உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்து, கால் நீட்ட முடிகிறது என்று ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் போனார்.

முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது. விசா அலமாரியிலேயே இருந்தது. என் கணவருடைய சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து அடுக்கிவைத்தேன். போகிறவருக்குச் செய்வது போலவும் இருந்தது, இருக்கிறவருக்குச் செய்வது போலவும் இருந்தது. ராத்திரி குறட்டை கேட்டால் திட்டாமல் கிடந்தேன்.

கள்ளிக்காட்டிலிருந்து தோட்டக்காரர் திரும்ப வந்தார். அணைக்கட்டுக்கு மேலே பாறையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததாம், ஒரு வெல்டிங்கும் விடவில்லையாம். கூட வந்த சிநேகிதர் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாராம். என் கணவர் "பாக்கலாம்" என்றார். இந்தப் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வழியிலிருந்து கூப்பிட்டார். போனால், அளவு டேப்பின் நுனியை என் ஈரக் கையில் கொடுத்து, கய்யாலை ஓரமாக நிற்கச் சொன்னார். டேப்பை இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போனார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"அடுத்த வண்டி இதவிட அகலமா வேணுமாம். வழி கொள்ளுமான்னு பாக்கணும்லா."

அங்கேயே நின்று அழுதேன். சத்தம் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதில் உடம்பெல்லாம் குலுங்கியது. அவர் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப்ப ஆட்டாத" என்றார். "அளவு தப்பும்."